விஷமுறிவு ஊசி போட்ட பிறகும் வென்டிலேட்டர் ஏன்? கட்டுவிரியன் கடியும் நரம்பு முனையின் நுண்பைகளும்

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாம்புக்கடி என்று யார் வந்தாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும் என்பது இதன் பொருள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பாம்புக்கடி புதிதில்லை. மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்து நெல் வயல், வாடிப்பட்டி வாழைத் தோட்டம், விடியும் முன்பே டார்ச் லைட்டோடு பூப்பறிக்க இறங்கும் உசிலம்பட்டி, திருமங்கலம் மல்லிகைக் கொல்லை என்று எல்லா இடத்திலும் மனிதக் காலும் பாம்பும் ஒரே வரப்பில்தான் நடமாடுகின்றன.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஊசிதான் போட்டாச்சே, இன்னும் ஏன் மெஷின்லயே வச்சிருக்காங்க?” பக்கத்துக் கட்டிலில் நல்ல பாம்பு கடித்து வந்தவர் மறுநாளே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். கட்டுவிரியன் கடித்த நம்மவர் நாலு நாளாகக் கண்ணே திறக்கவில்லை. இருவருக்கும் போட்டது ஒரே மருந்து. மருந்து சரியில்லையோ, கவனிப்பு போதவில்லையோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. பெரும்பாலும் காரணம் வேறு. இரண்டு விஷமும் நரம்பு முனையில் இரண்டு வெவ்வேறு இடங்களைத் தாக்குகின்றன. அதைப் புரிந்துகொள்ள, நரம்பணு தன் ரசாயனச் செய்தியை எப்படிச் சேமிக்கிறது, எப்படி வெளியே விடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடாமல் பேசும் அணுக்கள்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணுவின் நீண்ட இழை இன்னொன்றின் அருகே போய் முடிகிற இடம் சினாப்ஸ், தமிழில் நரம்பிணைப்பு. இணைப்பு என்று பெயர் இருந்தாலும் அங்கே இரண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்திலும் இதே அமைப்புதான். இடைவெளி மட்டும் கொஞ்சம் பெரியது.

நரம்பிழை வழியாக ஓடிவரும் மின்துடிப்பு இந்த இடைவெளியின் கரையில் நின்றுவிடும். அக்கரைக்குப் போவது ஒரு ரசாயனம். இதை 1921-இல் ஆட்டோ லோவி என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் இரண்டு தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், அதன் துடிப்பு மந்தமானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை, ஆனாலும் அதுவும் மந்தமானது. செய்தி அந்தத் திரவத்தில்தான் இருந்தது. பிறகு அது அசிடைல்கோலின் என்று அடையாளம் காணப்பட்டது.

இப்படிச் செய்தி கொண்டுபோகும் ரசாயனங்களுக்குப் பொதுப்பெயர் நரம்பியக்கடத்தி. தசையை இயக்குவது அசிடைல்கோலின். மூளையில் தூண்டுவதற்குப் பெரும்பாலும் குளூட்டமேட், அடக்குவதற்குக் காபா. டோபமின், செரடோனின் போன்றவை அளவில் குறைவு, வேலையில் பெரியவை.

பையில் அடைப்பது

நரம்பணு இந்த ரசாயனங்களைத் தன் உடலுக்குள் அப்படியே மிதக்க விடுவதில்லை. வெசிக்கிள் என்று பாடநூல்கள் குறிப்பிடும் நுண்பைகளில் அடைத்து வைக்கிறது. கொழுப்புப் படலத்தால் ஆன உருண்டைப் பை அது. குறுக்களவு 40 நானோமீட்டர் அளவுதான். அந்தச் சிறு இடத்துக்குள் சில ஆயிரம் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கும்.

இப்படி அடைப்பதற்குக் காரணங்கள் உண்டு. டோபமின் வெளியே கிடந்தால் தானே சிதைந்து அணுவுக்கே கெடுதல் செய்யும். சிதைக்கும் நொதிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேகம். துடிப்பு வந்த பிறகு சரக்கைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. முன்கூட்டியே கட்டி வாசலில் வைத்திருந்தால்தான் ஒரு மில்லி விநாடிக்குள் கொட்ட முடியும்.

பையை நிரப்பும் முறை அழகானது. வீட்டில் முதலில் மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறோம். ஏறிய தண்ணீர் பிறகு தன் எடையாலேயே கீழே இறங்கி நமக்கு வேலை செய்கிறது. நுண்பையின் படலத்திலும் ஒரு மோட்டார் இருக்கிறது. அது அணுவின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, ஹைட்ரஜன் அயனிகளாகிய புரோட்டான்களைப் பைக்குள் இறைக்கிறது. அதனால் பையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பல பத்து மடங்கு அமிலமாகிவிடும். உள்ளே நெருக்கப்பட்ட புரோட்டான்கள் வெளியேற வழி தேடும். அதே படலத்தில் சுழல்கதவு போல இன்னொரு புரதம் உண்டு. அது புரோட்டானை வெளியே விட்டு, அந்த உந்துதலில் நரம்பியக்கடத்தியை உள்ளே இழுத்துக்கொள்ளும். டோபமின், செரடோனின், நார்அட்ரினலின் மூன்றையும் மூளையில் ஏற்றிவிடும் புரதத்தின் பெயர் விமேட்-2. இரண்டு புரோட்டான் வெளியே போனால் ஒரு டோபமின் உள்ளே வரும். குளூட்டமேட்டுக்கும் அசிடைல்கோலினுக்கும் தனித்தனிக் கதவுகள்.

மோட்டாருக்கு எரிபொருள் கிடைக்காவிட்டாலோ கதவு அடைபட்டாலோ பை வெறும் பையாகவே கிடக்கும். இந்தக் கதவைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

முழக் கணக்கு

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூவை எடை போட்டு வாங்கலாம். தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் வாங்கினால் முழக் கணக்குதான். ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். ஒன்றே கால் முழம் என்று யாரும் கேட்பதில்லை.

நரம்பு முனையும் முழக் கணக்கில்தான் கொடுக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பெர்னார்ட் காட்ஸும் அவருடைய சகாக்களும் 1950-களின் தொடக்கத்தில் தவளைத் தசையில் மின்முனை வைத்து அளந்தபோது இது தெரிந்தது. நரம்பை யாரும் தூண்டாதபோதும் தசையில் அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச்சின்ன அதிர்வுகள் தானாக எழுந்தன. அவை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நரம்பைத் தூண்டியபோது எழுந்த பெரிய அதிர்வும் அந்தச் சிறு அதிர்வின் முழு மடங்குகளாகவே வந்தது. கொஞ்ச காலத்தில் மின்னணு நுண்ணோக்கி நரம்பு முனைக்குள் நுண்பைகளைக் காட்டிவிட்டது. ஒரு சிறு அதிர்வு என்பது ஒரு பை கொட்டியது என்ற முடிவுக்கு வந்தார்கள். காட்ஸுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக்கும் தசைக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நரம்பு கட்டளையிட்டால் தசை சுருங்கியே ஆக வேண்டும். அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பல பத்து பைகள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன, தேவைக்கு மேலேயே. மூளையில் ஒரு சாதாரண இணைப்பில் ஒரு துடிப்புக்கு ஒரு பை கொட்டினாலே உண்டு. பல நேரம் அதுவும் கொட்டாது. இது குறையில்லை. எந்த இணைப்பு எளிதாகக் கொட்டும், எது தயங்கும் என்பது பழக்கத்தால் மாறுகிறது. நாம் கற்பதும் மறப்பதும் ஓரளவு இந்த மாற்றத்தில் நிற்கின்றன.

வாசலில் நடப்பது

துடிப்பு வந்தவுடன் பை எப்படித் திறக்கிறது? படிப்படியாகப் பார்க்கலாம்.

1. நரம்பு முனைக்கு வெளியே கால்சியம் அயனிகள், உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்கு அடர்த்தியாகக் காத்திருக்கின்றன. மின்துடிப்பு வந்ததும் முனையின் சுவரிலுள்ள கால்சியம் வழிகள் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும்.

2. பைகளில் சில ஏற்கெனவே சுவரை ஒட்டி நிற்கின்றன. பையின் மேல் சினாப்டோபிரெவின் என்ற புரதம், சுவரில் சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற இரண்டு புரதங்கள். சடை போடும்போது மூன்று கால் எடுத்துப் பின்னுவதுபோல இந்த மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். ஆனால் பின்னல் கடைசிவரை போகாமல் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கும்.

3. சினாப்டோடாக்மின் என்ற புரதம் கால்சியத்துக்காகக் காத்திருக்கிறது. கால்சியம் வந்து ஒட்டியதும் அது தடையை விலக்குகிறது. பின்னல் இறுகுகிறது. பையின் படலமும் சுவரின் படலமும் ஒன்றாகக் கலந்து வாய் திறக்கிறது. சரக்கு இடைவெளியில் கொட்டுகிறது.

4. அக்கரையில் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. தசையாக இருந்தால் சுருங்கும்.

5. வேலை முடிந்த சரக்கை உடனே அகற்ற வேண்டும். தசை இணைப்பில் அசிடைல்கோலினை ஒரு நொதி வெட்டிப் போடுகிறது. டோபமினும் செரடோனினும் கொட்டிய நரம்பு முனைக்குள்ளேயே வேறு கதவு வழியாகத் திரும்ப இழுக்கப்படுகின்றன.

கால்சியத்தின் பங்கு நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. பாயும் கால்சியம் பாதியாகக் குறைந்தால் கொட்டும் பைகள் பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். நான்காம் அடுக்கு உறவு இது. 1967-இல் டாட்ஜ், ரகமிமோஃப் இருவரும் அளந்தார்கள். வாசலில் நிகழும் சிறு மாற்றம்கூட உடல் முழுக்கப் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொட்டிய பை வீணாவதில்லை. சுவரோடு கலந்த படலம் மறுபடி உள்வாங்கப்பட்டு, புதுப் பையாகி, நிரம்பி, வாசலுக்கு வரும். 1973-இல் ஹியூசரும் ரீஸும் தவளை நரம்பில் இந்தச் சுழற்சியைப் படம்பிடித்துக் காட்டினார்கள். பின்னிய மூன்று புரதங்களையும் பிரித்து எடுத்தால்தான் அடுத்த முறை பயன்படுத்த முடியும். பிரிக்கும் வேலையைச் செய்வது என்.எஸ்.எஃப் என்ற புரதம். இதில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒபைத் சித்திக்கி, அமெரிக்காவின் சீமோர் பென்சரோடு சேர்ந்து, சூடேறினால் மயங்கி விழும் பழ ஈக்களைக் கண்டெடுத்து 1976-இல் வெளியிட்டார். அவற்றில் ஒரு வகைக்குக் ‘கோமடோஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஈயில் பழுதாகியிருந்தது இந்த என்.எஸ்.எஃப் புரதத்தின் மரபணுதான் என்பது 1990-களில் தெரியவந்தது. பின்னல் பிரியாததால் பைகள் வேலைக்குத் திரும்பவில்லை, ஈ விழுந்தது. பைகளின் போக்குவரத்தைத் துலக்கிய ராத்மன், ஷெக்மன், ஸூடாஃப் மூவருக்கும் 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல பாம்பு அக்கரையில், கட்டுவிரியன் இக்கரையில்

இப்போது அந்த இரண்டு கட்டில்களுக்குத் திரும்பலாம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்று மூன்றையும் தமிழில் விரியன் என்கிறோம். முதல் இரண்டும்தான் உண்மையான விரியன் இனம். அவை கடித்தால் வீங்கும், வலிக்கும், இரத்தம் உறையாமல் கசியும். கட்டுவிரியன் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுத்த உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் இருப்பதால் அந்தப் பெயர். அது கடித்தால் பெரும்பாலும் வீக்கம் இராது, வலியும் இராது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. “விரியன் கடிச்சா வீங்குமே, இது வீங்கலையே” என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவது இந்தப் பெயரால் வரும் ஆபத்து. இரவில், தரையில் படுத்திருப்பவரைத்தான் இது அதிகம் கடிக்கிறது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தூக்க முடியாமை, விழுங்க முடியாமை என்று தொடங்கும். பாம்பைப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

நல்ல பாம்பின் நரம்பு விஷம் அக்கரையைத் தாக்குகிறது. தசையின் மேலுள்ள அசிடைல்கோலின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு வழி மறிக்கிறது. நரம்பு முனைக்கு எந்தச் சேதமும் இல்லை. பைகள் நிரம்பி இருக்கின்றன, கொட்டவும் செய்கின்றன. வாங்கும் இடம்தான் அடைபட்டிருக்கிறது. அதனால் இரண்டு வழிகளில் உதவலாம். விஷமுறிவு மருந்து விஷத்தைப் பிடித்து விலக்குகிறது. நியோஸ்டிக்மின் என்ற ஊசி, அசிடைல்கோலினை வெட்டும் நொதியைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கிறது. இடைவெளியில் சரக்கு கூடுகிறது, மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்கு மேலும் வாய்ப்புக் கிடைக்கிறது. இதயத் துடிப்பு குறையாமலிருக்க அட்ரோபின் சேர்த்துக் கொடுப்பார்கள். மூடிய இமை அரை மணி நேரத்தில் உயர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

கட்டுவிரியன் விஷத்தின் மோசமான பகுதி இக்கரையைத் தாக்குகிறது. இதே வகை நஞ்சை, தைவானில் வாழும் கட்டுவிரியன் இனத்திலிருந்து 1963-இல் சாங், லீ என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். பீட்டா பங்கரோடாக்சின் என்று அதற்குப் பெயர். கொழுப்புப் படலத்தை அரிக்கும் பாஸ்போலிப்பேஸ் நொதி அதில் இருக்கிறது. நரம்பு முனையில் நடப்பது இது:

1. நஞ்சு நரம்பு முனையின் சுவரில் ஒட்டி, படலத்தை அரிக்கத் தொடங்குகிறது.

2. அரிபட்ட இடங்களின் வழியே கால்சியம் கட்டுப்பாடில்லாமல் உள்ளே பாய்கிறது.

3. துடிப்பு எதுவும் வராமலேயே பைகள் அடுத்தடுத்துக் கொட்டித் தீர்கின்றன. காலியான பைகளை மீட்டெடுக்கும் சுழற்சியும் முறிகிறது.

4. பையில்லாத நரம்பு முனை சிதைந்து போகிறது.

இந்தப் படிகள் நடந்த பிறகு விஷமுறிவு மருந்தால் செய்யக்கூடியது, இரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடித்து மேலும் சேதம் வராமல் தடுப்பதுதான். சிதைந்த முனையை அது ஒட்ட வைக்காது. வெளியே நிறுத்தி வைக்கச் சரக்கே இல்லாதபோது நியோஸ்டிக்மினாலும் பயனில்லை. நரம்பு தானே புது முனை வளர்த்து, புதுப் பைகள் கட்டி, அவற்றை நிரப்பி முடிக்கும்வரை மூச்சுத் தசை அசையாது. அதற்குச் சில நாட்கள் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல். அந்த நாட்களில் உயிரைத் தாங்குவது வென்டிலேட்டர். மருந்து தோற்றதன் அடையாளமாக அந்த மெஷினைப் பார்க்கக் கூடாது. கட்டுவிரியன் கடியில் அதுவே முதன்மைச் சிகிச்சை.

“இன்னும் நாலு குப்பி போடுங்க டாக்டர்” என்று கெஞ்சுவோர் உண்டு. தேசியச் சிகிச்சை நெறிமுறை நரம்பு விஷத்துக்கு முதலில் 10 குப்பி, தேவைப்பட்டால் இன்னொரு 10 குப்பி என்று நிறுத்தச் சொல்வதன் காரணம் மேலே சொன்னதுதான். சிக்கனத்துக்காக நிறுத்துவதில்லை. ஆனால் முதல் ஊசி எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு நரம்பு முனைகள் தப்பும். விடியட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் பின்னால் வென்டிலேட்டரில் நாட்களாகக் கட்ட நேரிடலாம்.

அதே வாசல், வேறு பூட்டுகள்

நுண்பையின் பாதையில் எந்த இடம் பழுதாகிறது என்று கேட்டால், நாம் அடிக்கடி கேள்விப்படும் வேறு சிலவும் விளங்கும்.

ரண ஜன்னி. ஆணி குத்தினாலும், அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ மாடு முட்டினாலும் டி.டி. ஊசி போடச் சொல்வது இதற்காக. ரண ஜன்னிக் கிருமியின் நச்சு நரம்பிழை வழியாகப் பின்னோக்கி ஏறித் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே தசையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களுக்குள் நுழைந்து, பையின் மேலிருக்கும் சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. சடையில் ஒரு கால் அறுந்தால் பின்ன முடியுமா? அடக்கும் சரக்கு கொட்டவில்லை, தசைகள் அடக்க ஆளில்லாமல் இறுகுகின்றன, தாடை பூட்டிக்கொள்கிறது. முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் இதன் உறவுக்கார நச்சு. அது ஸ்னாப்-25-ஐ வெட்டுகிறது. ஆனால் தசைக்கு அருகிலேயே தங்கிவிடுவதால் தசை தளர்கிறது. வெட்டும் வேலை ஒன்றுதான். வெட்டுப்படும் இடம் மாறியதால் ஒன்று விறைக்க வைக்கிறது, மற்றொன்று தொய்ய வைக்கிறது.

பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் பையையும் தொடாது, வாசலையும் தொடாது. அசிடைல்கோலினை வெட்டும் நொதியை முடக்கிவிடும். நியோஸ்டிக்மின் கொஞ்ச நேரத்துக்கு அளவாகச் செய்யும் அதே வேலையை இது அளவில்லாமல், விடாமல் செய்கிறது. எச்சில், வியர்வை, கண்ணீர் பெருகும். கண்மணி சுருங்கும், தசை துடிதுடித்துப் பிறகு ஓயும். தெளிக்கும்போது தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதைச் சட்டை போடாமல் ஸ்பிரேயர் தூக்குகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

சர்ப்பகந்தா. இதன் வேரை இந்திய நாட்டு மருத்துவம் நெடுங்காலமாக மனநோய்க்கும் பாம்புக்கடிக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறது. 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. ரெசர்பின் செய்வது, பையை நிரப்பும் அந்தச் சுழல்கதவை அடைப்பது. கதவு அடைபட்டால் டோபமினும் நார்அட்ரினலினும் பைக்குள் போக முடியாது, வெளியே கிடந்து அழிகின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. 1957-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு, டோபமினின் மூலப்பொருளான எல்-டோபாவைக் கொடுத்து எழுப்பினார். பார்க்கின்சன் நோய்க்கு இன்றுவரை முதன்மையாக இருக்கும் மருந்து அந்தப் பாதையில் வந்தது. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாம்பின் பெயரைத் தாங்கிய இந்த வேர் மூளை அறிவியலுக்கு இவ்வளவு கொடுத்திருக்கிறது. கட்டுவிரியன் கடிக்கு மட்டும் அது எதுவும் செய்யாது. அது தொடும் கதவு வேறு, பாம்பு அரிக்கும் சுவர் வேறு.

பார்க்கின்சன் நோயாளிகளின் வீட்டார் கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை இங்கேதான் கிடைக்கிறது. தொடக்கத்தில் ஒரு மாத்திரை பல மணி நேரம் தாங்கியது, இப்போது அடுத்த வேளைக்கு முன்பே கை நடுங்குகிறது, ஏன்? மாத்திரை டோபமினைத்தான் தருகிறது, பையைத் தருவதில்லை. நோய் முற்ற முற்ற டோபமின் நரம்பணுக்கள் இறக்கின்றன. சேர்த்து வைத்துச் சிறுகச்சிறுகக் கொடுக்கும் பைகளும் அவற்றோடு போகின்றன. வந்த டோபமினைத் தேக்கி வைக்க இடமில்லாததால் அது வந்த வேகத்தில் தீர்கிறது. கண்மாய் தூர்ந்த பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காததுபோல.

மிளகு உறைத்தால் விஷம் இல்லையா?

பாம்பு கடித்தவருக்கு மிளகோ வேப்பிலையோ கொடுத்து, உறைக்கிறதா, கசக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உறைத்தால் விஷம் ஏறவில்லை என்பது நம்பிக்கை. கட்டுவிரியன் தாக்குவது நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் முனையை. நாக்கிலிருந்து சுவையை மூளைக்கு ஏற்றும் நரம்புகளுக்கு அந்த முனையோடு தொடர்பில்லை. ஆகவே மூச்சு நிற்கப் போகிறவருக்கும் மிளகு உறைக்கும். சோதனை நிம்மதியைக் கொடுத்து நேரத்தைப் பறித்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது இமை. “மேலே பாருங்க” என்று சொல்லி, அவர் இமை முழுசாக உயர்கிறதா என்று கவனிக்கலாம். உயராவிட்டால் விஷம் வேலை செய்கிறது. உயர்ந்தாலும் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி வரப் பல மணி நேரம் ஆகலாம். 108-ஐ அழைத்துவிட்டு, கடிபட்ட கை கால்களை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியனை முன்னமே தவிர்க்க, கட்டிலில் படுப்பதும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வதும் உதவும்.

உள்ளே விழித்திருக்கும் மூளை

இரத்தத்திலிருந்து மூளைக்குள் பெரிய மூலக்கூறுகள் நுழையாமல் இரத்த நாளச் சுவர்களே ஒரு தடுப்பாக நிற்கின்றன. கட்டுவிரியன் நஞ்சு புரதம். அந்தத் தடுப்பைத் தாண்டி அது போவதில்லை. அதனால் மூளைக்குள் இருக்கும் கோடானு கோடி நுண்பைகள் வழக்கம்போல நிரம்புகின்றன, கொட்டுகின்றன. மூச்சு நின்று மூளைக்கு ஆக்சிஜன் குறையாமல் காப்பாற்றப்பட்டவர், மயக்க மருந்து தராதவரை, நினைவோடுதான் படுத்திருக்கிறார். இமை மூடியிருக்கும். கண்மணி விரிந்து டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கும். முட்டியில் தட்டினாலும் கால் எழாது. பார்ப்பவருக்கு மூளைச்சாவு போலவே தோன்றும். இந்தத் தோற்றத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. பிழைத்து எழுந்தவர்கள், தம் கட்டிலைச் சுற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டிலருகே நிற்கும் உறவினர் இதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். “இனி எங்க பிழைக்கப் போறாரு” என்ற அழுகை அவர் காதில் விழுகிறது. பெயர் சொல்லி அழைத்து, என்ன நடந்தது, இது எத்தனை நாள் இருக்கும், மெஷின் எதற்கு என்று சொன்னால் அதுவும் விழும். நரம்பு முனைகள் வளரத் தொடங்கும்போது சிலருக்கு விரல் நுனியில் மெல்லிய அசைவு திரும்பும். கையை அவர் கைக்குள் வைத்து, ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை அசைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, வலிக்கிறதா என்பது.